கமகம் நீக்கிய தோடியும் 300 சொல்லும்: மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது எப்படி?

கேள்வி: இசையியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கமகம், அதாவது ஸ்வரங்களை அசைத்துப் பாடும் முறை, நீக்கிய தோடி ராகத்தைக் கர்நாடக இசை கற்றவர்களும், சினிமாப் பாட்டு மட்டுமே கேட்பவர்களும் எந்த அளவுக்கு அடையாளம் காண்கிறார்கள் என்று சோதித்து வருகிறேன். 48 பேர் என்பது திட்டம். இதுவரை 31 பேர் முடித்திருக்கிறார்கள். இசைப் புலனுணர்வு பற்றிய பன்னாட்டு மாநாட்டுக்கு 300 சொல்லுக்குள் ஆய்வுச் சுருக்கம் கேட்கிறார்கள். வேலை முடியாத நிலையில் அனுப்பலாமா? உரையா, போஸ்டரா, எதைக் கேட்பது? வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் இந்த வரைவை இப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் ஆய்வு நல்ல ஆய்வு. வரைவுதான் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

கர்நாடக இசையின் தொன்மையில் தொடங்கி, கமகத்தின் வகைகளைச் சொல்லி முடிப்பதற்குள் நூறு சொல்லுக்கு மேல் போய்விட்டது. உங்கள் கேள்வி ஏழாவது வாக்கியத்தில்தான் தலை காட்டுகிறது. இந்த மாநாடுகளில் மதிப்பீடு செய்பவர்கள் உளவியல், நரம்பியல், கணினி, இசையியல் என்று பல துறைகளிலிருந்து வருகிறவர்கள். கர்நாடக இசை எவ்வளவு உயர்ந்தது என்பதை அவர்கள் தேடவில்லை. என்ன கேட்டீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், என்ன கிடைத்தது என்று பார்ப்பார்கள். முதல் வாக்கியத்தை இப்படி வைத்துப் பாருங்கள்: “ஒரு ராகத்தை இனங்காண ஸ்வரங்கள் மட்டும் போதுமா, அந்த ஸ்வரங்களின் அசைவும் வேண்டுமா?” இரண்டாவது: “தோடியின் ஸ்வரங்களை அசைக்காமல் நேராக ஒலித்தால், கிடைப்பது மேற்கத்திய இசையின் ஃபிரிஜியன் மோடு என்ற ஸ்வர வரிசையே.” தோடியை வாழ்நாளில் கேட்டிராத ஒருவருக்கும் இந்த இரண்டு வாக்கியத்தில் உங்கள் ஆய்வு பிடிபட்டுவிடும். கமகம் என்ற சொல்லுக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

“இந்திய இசையில் இத்தகைய ஆய்வு இதுவரை நடந்ததில்லை” என்ற வரியை உடனே எடுத்துவிடுங்கள். இந்துஸ்தானி ராகங்களில் ஸ்வரங்களின் முக்கியத்துவத்தை இந்தியர்களும் மேற்கத்தியர்களும் எப்படி உணர்கிறார்கள் என்று காஸ்டெல்லானோ, பருச்சா, குரும்ஹான்ஸல் மூவரும் 1984லேயே ஆய்வு வெளியிட்டார்கள். ராகம் உணர்த்தும் உணர்ச்சியை மேற்கத்தியர்களால் கண்டுகொள்ள முடிகிறதா என்ற பால்க்வில், தாம்சன் ஆய்வு 1999ல் வந்தது. இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் படித்தவை இவை. இவற்றைத் தெரியாதவர் எழுதியது என்று தோன்றிவிட்டால், அடுத்த வரிகளை நம்பிக்கையோடு படிக்க மாட்டார்கள். அவர்கள் தொட்டது இந்துஸ்தானி. உங்களுடையது கர்நாடக இசையில் கமகத்தைத் தனியே பிரித்துச் சோதிப்பது. அந்த வேறுபாட்டைச் சொன்னாலே புதுமை தெரிந்துவிடும்.

இனி சோதனைக்கு வருவோம். என் கவலை இங்கேதான் அதிகம். “அடையாளம் காண்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்குத் தோடி என்ற பெயரே தெரியாதே, எப்படி அடையாளம் காண்பார்? பின்னிணைப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஒரு துணுக்கைக் கேட்க வைத்து, அதே ராகத்தில் அமைந்ததை நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். அருமையான முறை. ராகத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை என்பதோடு சேர்த்து இது சுருக்கத்திலேயே இருக்க வேண்டும். நான்கில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 25 சதவீதம் சரியாக வரும். அதைக் குறிப்பிடாமல் “38 சதவீதம் சரியாகச் சொன்னார்கள்” என்றால், படிப்பவருக்கு அது நிறையவா குறைவா என்று தெரியாது. ‘கற்றவர்’ என்பதற்கும் அளவு கொடுங்கள்: குறைந்தது எத்தனை ஆண்டுப் பயிற்சி?

இன்னொன்று. கமகத்தோடு உள்ளது பாடகரின் அசல் பதிவு. கமகம் இல்லாதது மென்பொருளில் சுருதியைத் தட்டையாக்கிய பதிவு. அப்படியென்றால் இரண்டாவதை இனங்காண முடியாமல் போனதற்குக் கமகம் இல்லாததுதான் காரணமா, குரல் இயந்திரத்தனமாக ஒலித்ததா? மதிப்பீட்டாளர் முதலில் இதைத்தான் கேட்பார். நீங்கள் பயன்படுத்தும் பிராட் மென்பொருளிலேயே, அசல் கமகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மறுபடி உருவாக்க முடியும். அதைக் கேட்பவர்கள் இனங்கண்டுவிட்டால், குறை இயந்திர ஒலியில் இல்லை என்று காட்டிவிடலாம். அந்தப் பதிவை ஒரு சிறு குழுவுக்குக் கொடுத்துச் சோதிக்கப்போவதாகச் சுருக்கத்தில் ஒரு வரி சேருங்கள். மாநாட்டுக்கு இருக்கும் மாதங்களுக்குள் இது முடிகிற வேலைதான்.

31 பேரோடு அனுப்புவதில் தவறில்லை. எந்த முடிவும் இன்னும் கிடைக்காத ஆய்வைச் சில மாநாடுகள் ஏற்பதில்லை, அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். “திட்டம் 48, இதுவரை 31, மாநாட்டுக்கு முன் முடியும்” என்று வெளிப்படையாக எழுதுங்கள். இதுவரை தெரியும் போக்கைச் சொல்லலாம். ஆனால் 31ல் புள்ளியியல் சோதனை போட்டுப் பார்த்து, முடிவு சாதகமாக இருக்கிறது என்று அங்கேயே சேகரிப்பை நிறுத்திவிடாதீர்கள். பொய்யான முடிவு கிடைக்கும் வாய்ப்பு அதனால் கூடும்.

போஸ்டரைக் கேளுங்கள், அதாவது ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டி, பக்கத்தில் நின்று விளக்குவதை. இந்தத் துறையில் அது இரண்டாம் தரம் இல்லை. உரை என்றால் சில நிமிடம் பேசி, ஓரிரு கேள்வியோடு இறங்கிவிட வேண்டும். போஸ்டர் முன்னால் ஒருவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, கமகத்தோடும் இல்லாமலும் தோடியை அடுத்தடுத்துக் கேட்க வைக்கலாம். அரை மணி நேரம் நின்று விவாதிப்பவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். பாதி முடிந்த ஆய்வுக்கு வேண்டியது அதுதான்.

ஆசிரியர் பெயர் தெரியாமல் மதிப்பிடும் முறை என்றால், “எங்கள் பல்கலைக்கழக இசைத்துறை மாணவர்கள்” போன்ற வரிகளையும், கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயரையும் நீக்கிவிடுங்கள். ஆசிரியர் வரிசையை நெறியாளரிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எந்த மாநாடு என்று நீங்கள் சொல்லவில்லை. 1989ல் கியோட்டோவில் தொடங்கிய இசைப் புலனுணர்வு, அறிதல் பன்னாட்டு மாநாடு இந்தத் துறையில் முதன்மையானது. 2018ல் அதைக் கிராட்ஸ், மொன்றியல், லா பிளாட்டா, சிட்னி என நான்கு ஊர்களில் ஒரே சமயத்தில் நடத்தினார்கள். இணையவழிப் பங்கேற்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள், விசாச் செலவு மிச்சமாகலாம். இரண்டே நாளில் ஏற்பு, உடனே பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் கூட்டங்களின் பக்கம் போகாதீர்கள்.

கடைசி நாளுக்குப் பக்கத்தில் ‘ஏஓஇ’ (AoE) என்று இருந்தால், உலகில் எங்காவது அந்தத் தேதி மிச்சமிருக்கும் வரை அனுப்பலாம் என்று பொருள். இந்திய நேரப்படி மறுநாள் மாலை ஐந்தரை மணி வரை. அந்த நேரத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல், முந்தைய வாரமே தளத்தில் கணக்குத் தொடங்கி, 300 சொல் வரம்பில் தலைப்பும் சேருமா என்று பார்த்துவிடுங்கள்.