கடல் தாண்டும் கரண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அறந்தாங்கியில் எட்டு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். சிங்கப்பூர் ஓட்டலுக்கு வொர்க் பெர்மிட் எடுத்துத் தருகிறேன், மொத்தம் நாலு லட்சம், முதலில் ஒரு லட்சம் கொடு என்கிறார் ஏஜென்ட். இந்தியர்களுக்கு ஓட்டலில் பெர்மிட்டே கிடையாது என்று மாமா அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மாமா சொல்வது பழைய கதை, தம்பி. அவர் காலத்தில் அது உண்மைதான். நம்மூர் ஆளுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை என்றால் பெர்மிட் உண்டு, ஓட்டல் அடுப்படிக்குக் கிடையாது, எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறன் வேலைக்கான பாஸில்தான் போகவேண்டும். நானே அப்படிப் போனவன். பாஸில் என் வேலை ‘சூப்பர்வைசர்’ என்று இருந்தது. நான் சூப்பர்வைஸ் பண்ணியது வெங்காய மூட்டையை மட்டும்தான்.

2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வொர்க் பெர்மிட்டில் எடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். 2025 செப்டம்பரில் ‘இந்திய உணவகம்’ என்ற வரம்பையும் தளர்த்தி, அனுமதி உள்ள வேலைகளின் பட்டியலில் பொதுவாகச் சமையல்காரர் என்றே சேர்த்துவிட்டார்கள். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அப்புறம், இந்த வழியில் எடுக்கும் ஆட்கள் மொத்தப் பணியாளர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 25 பேர் வேலை பார்க்கிற கடையில் இரண்டே பேர். “ஒரே கடைக்குப் பத்து மாஸ்டர் வேணும், சீக்கிரம் பணத்தைக் கட்டு” என்று உங்கள் ஏஜென்ட் சொன்னால், அந்தக் கடையில் 125 பேர் வேலை பார்க்கிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சர்வர் வேலை இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

பணத்துக்கு வருவோம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான், ஆக 35,400. அவர் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் ஏஜென்சி தன் பங்குக்கு உங்களிடம் வாங்குவது எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. லெவி (வெளிநாட்டு ஆளை வைத்திருக்க முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்டும் தொகை), 5,000 வெள்ளி பாண்ட் (அரசுக்குத் தரும் பிணை), மருத்துவக் காப்பீடு எல்லாம் முதலாளியின் செலவு. “லெவிக்கு உன் பங்கு” என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஐபிஏ கடிதம். பெர்மிட்டுக்கு முன் ஒப்புதல் அதுதான். நீங்கள் விமானம் ஏறும் முன்பே முதலாளி அதை உங்களுக்குப் புரிகிற மொழியில் அனுப்பியாக வேண்டும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், என்ன வேலை என்று வரி வரியாக இருக்கும். வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு போட்டோ அனுப்பிவிட்டு “ஐபிஏ வந்துருச்சு” என்பார்கள். அதை நம்பாமல், அந்த ஊர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையைச் சரிபார்த்த பிறகு பணப்பேச்சை எடுங்கள். ஒன்பதாவதோடு நிறுத்தியதால் உங்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்தான் வரும், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வாங்கவேண்டிய பாஸ்போர்ட். அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் சமையல் வேலை பார்க்கிறார். வங்கியில் 2,000 வெள்ளி விழுகிறது. மறுநாளே முதலாளி 600 வெள்ளியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்கிறார். கேட்டால் “இதுதான் பேச்சு” என்கிறாராம். இது முறையா?

பதில்: முறையில்லை தங்கச்சி, குற்றம். வேலை கொடுத்ததற்காக ஊழியரிடமே பணம் பிடுங்குவது அந்த ஊர் வெளிநாட்டு ஊழியர் சட்டப்படி 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய விஷயம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பளம் விழுந்த மறுநாள் ராத்திரி, கடை சாத்தியதும் அரிசி மூட்டை அடுக்கிய ஸ்டோர் ரூமுக்கு ஒவ்வொருத்தராகப் போவோம், பழைய மெனு அட்டைக்குள் நோட்டை வைத்து நீட்டவேண்டும், அவர் எண்ணிக்கூடப் பார்க்கமாட்டார். எண்ணாமல் வாங்குவதில் ஒரு பெருமை வேறு.

உங்கள் வீட்டுக்காரரை ஒரு சின்ன நோட்டுப் போடச் சொல்லுங்கள். தேதி, எவ்வளவு, எங்கே வைத்துக் கொடுத்தார், ஏடிஎம்மில் எடுத்த ரசீது. முதலாளி அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்கவேண்டாம். புகாரை நேராக மனிதவள அமைச்சுக்குக் கொண்டுபோகலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இருக்கிறது, அவர்களிடம் போய்ப் பேசட்டும். ஓவர்டைம் பாக்கி மாதிரி சம்பளத் தகராறு தனியாக இருந்தால் அதைத் தீர்த்துவைக்க டேடம் (TADM) என்று ஓர் அமைப்பு உண்டு; வேலையை விட்ட பிறகு என்றால் ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டும். புகார் கொடுத்தால் முதலாளி பெர்மிட்டை ரத்து செய்யப் பார்ப்பார் என்ற பயம் நியாயமானதுதான், அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் ஆதாரத்தைச் சேர்த்த பிறகு வாயைத் திறக்கச் சொல்கிறேன்.

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் சேர்ந்துவிட்டு, அப்புறம் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. மாட்டுவது நீங்கள், சொன்னவர் இல்லை.

கேள்வி: பெர்மிட்டில் இருக்கிறேன். லீவு நாளில் நண்பர் கடையில் பரோட்டா போட்டுக் கொடுக்கலாமா? மனைவியை அழைத்து வரலாமா?

பதில்: முதல் கேள்விக்கு, கூடாது. பெர்மிட்டில் எந்த முதலாளி, என்ன வேலை என்று இருக்கிறதோ அது மட்டும்தான், நண்பர் சும்மா டீ வாங்கிக் கொடுத்தாலும் சரி. இரண்டாவது, வொர்க் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸ் என்றால் மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். பரோட்டா போட்டு 6,000 வாங்குகிறவர் யாராவது இருந்தால் எனக்கும் கடை பெயரைச் சொல்லுங்கள், நான் மறுபடியும் மாவு பிசையத் தயார்.