ஹெல்மெட்டுக்கு முன் ஒரு பூட்டு வாங்குங்கள்

கேள்வி: கொழும்புக் கடலோரத்தில், கொள்ளுப்பிட்டியில் 60 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே ஆறு பேர். அண்மையில் ஒருவர் விருந்து மண்டபத்தில் மின்குமிழ் மாற்றும்போது ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. இன்னொருவருக்கு ஏசி திருத்தும்போது கரண்ட் அடித்தது. ஹெல்மெட், கையுறை வாங்கித் தருவதாக நிர்வாகம் சொல்கிறது. அது போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போதாது. வாங்கித் தரட்டும், மறுக்காதீர்கள். ஆனால் அந்த இரண்டு வேலைகளும் எந்த அவசரத்தில் நடந்தன என்று முதலில் விசாரியுங்கள். ஹோட்டலில் மெயின்டனன்ஸ் வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது வரவேற்பு மேசையிலிருந்து வரும் தொலைபேசி. "விருந்தினர் காத்திருக்கிறார், இன்னும் முடியவில்லையா?" என்று மூன்றாவது தடவை கேட்டால், சரியான ஏணியை எடுக்கக் களஞ்சிய அறைக்கு யார் போவார்? கைக்கு எட்டிய கதிரையில் ஏறுவார்கள். பிரேக்கரை நிறுத்தக் கீழ்த்தளத்துக்கு இறங்கவும் மாட்டார்கள்.

ஆகவே முதலில் முகாமையாளரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: வேலை எப்போது முடியும் என்று சொல்வது அதைச் செய்கிறவர் மட்டுமே. அதுவரை விருந்தினருக்கு வேறு அறை கொடுப்பது வரவேற்பு மேசையின் பொறுப்பு. இது இல்லாமல் மற்ற எந்த ஏற்பாடும் ஒரு மாதம் தாங்காது.

அடுத்தது மின்சாரம். பிரேக்கரைக் கீழே தள்ளினால் மட்டும் போதாது, அதைப் பூட்ட வேண்டும். இதற்கென்று சிறிய பூட்டுகள் விற்கிறார்கள், ஹெல்மெட்டைவிடப் பெரிய செலவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி, அதுவும் வேலை செய்பவரின் சட்டைப்பையில். கூடவே "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை. இரவு ஷிப்டுக்கு வருகிறவருக்கு இரண்டில் ஒன்றுதான் வாசிக்கத் தெரிந்திருக்கலாம்.

மின்வெட்டு நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். கரண்ட் இல்லைதானே என்று பிரேக்கர்கள் உள்ள மின்பலகையைத் திறந்து கை வைப்பார்கள், சில விநாடிகளில் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கி 230 வோல்ட் வந்துவிடும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலத்தில் பல கட்டிடங்களில் ஜெனரேட்டர் பொருத்தினார்கள். உங்கள் பலகைக்கு எத்தனை வழிகளில் மின்சாரம் வருகிறது என்று ஒரு படம் வரைந்து அதன் கதவிலேயே ஒட்டுங்கள். ஏசியின் வெளி யூனிட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கி நிற்கும். சில நிமிடம் பொறுத்து, அதை முறைப்படி வெளியேற்றி, மீட்டரால் சோதித்த பிறகே தொட வேண்டும்.

கடலோரக் கட்டிடம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: உப்புக் காற்று வெளிச்சுவரில் உள்ள இரும்புத் தாங்கிகளை உள்ளுக்குள் அரித்துவிடும். மேலே பூசிய வர்ணத்தை நம்பி யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும். அந்த மாதங்களில் மொட்டைமாடி வேலைகளைக் காலையிலேயே முடியுங்கள்.

ஏணி விஷயம் சுருக்கமாக. சாய்த்து வைக்கும் ஏணி என்றால் நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் அடிப்பக்கம் சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். மின் வேலைக்கு அலுமினிய ஏணி கூடவே கூடாது, ஃபைபர் ஏணி எடுங்கள். விருந்து மண்டபம் போன்ற உயரமான கூரைக்கு ஏணியே பொருந்தாது. சில்லுப் பூட்டும் கைப்பிடி வேலியும் உள்ள நகரும் சாரம் வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொரு குமிழாக மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அந்த வாடகை கட்டுப்படியாகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு மிகப் பெரிய கவலை அதுதான்: சமையலறைக் கழிவெண்ணெய்க் குழி, மலக்குழி, நிலத்தடித் தண்ணீர்த் தாங்கி. கழிவுக் குழிகளில் ஹைட்ரஜன் சல்பைட் வாயு தேங்கும். முதலில் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்கப் பாய்கிறவரும் விழுவார். மூடிய தண்ணீர்த் தாங்கியிலோ எந்த நாற்றமும் இல்லாமலே ஒட்சிசன் குறைந்திருக்கலாம். உங்கள் ஆட்கள் யாரும் இவற்றில் இறங்கவே கூடாது என்று விதி வையுங்கள். குழிக்குக் கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் வண்டியைக் கூப்பிடுங்கள். உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவியும் மீட்புக் கயிறும் உள்ள பயிற்சி பெற்றவர்கள் வரட்டும்.

நீச்சல் குளக் குளோரினையும் அமிலத்தையும் ஒரே அலுமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும்.

கரண்ட் அடித்தால் என்ன செய்வது என்று ஆறு பேரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், அதற்கு முன் ஆளைத் தொடக் கூடாது. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள், இதயத் துடிப்பு பிறகும் குழம்பலாம். இப்போது அடிபட்டவருக்கு அதை எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

மணிக்கட்டு முறிந்தவரிடம் நட்டஈடு பற்றி யாராவது பேசினார்களா? 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது ஏற்படும் காயத்துக்குப் பொருந்தும். 2022இல் அதைத் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது அதில் அடங்கும். விபத்து நடந்த நாள், நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் இந்தக் கிழமையே எழுதிக் கையொப்பமிட்டு, வைத்திய அறிக்கையின் பிரதியோடு அவரிடம் கொடுங்கள். நிர்வாகம் இழுத்தடித்தால் அந்தக் கோப்போடு அவர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம்.