கிளைகளின் லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: மண்ணடியில் குழாய், பம்ப் உதிரிபாக வியாபாரம் செய்கிறோம். அம்பத்தூரிலும் குரோம்பேட்டையிலும் கிளைகள் இருக்கின்றன. எல்லோரும் மண்ணடிக்கே அழைப்பதால், கிளை எண்ணைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஊழியருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. மண்ணடியில் ஓர் ஐ.பி. பி.பி.எக்ஸ் (தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் பெட்டி) வைத்து, கிளைகளை இணையம் வழியாக அதில் சேர்த்துவிட்டு, கிளைகளின் லேண்ட்லைன்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா? பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா?
– வாசகர், மண்ணடி

பதில்: பி.பி.எக்ஸை வாங்குங்கள். ஆனால் கிளைக்கு ஒரு லேண்ட்லைனாவது இருக்கட்டும்.

விற்பனையாளர் சொல்லும் அமைப்பில் கிளைத் தொலைபேசிகள் எல்லாம் மண்ணடியில் உள்ள பெட்டியை நம்பியே இயங்கும். இணையம் அறுந்தால் அம்பத்தூர்க் கடையில் இருப்பவர் அடுத்த மேசைக்குக்கூட அழைக்க முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாமும் இந்த நகரத்தை என்ன பாடு படுத்தின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் கேட்டு மக்கள் அலைவதும் அதே நாள்களில்தான். அன்றைக்கு உங்கள் கடைத் தொலைபேசி ஒலிக்க வேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சிறிய கேட்வே (லேண்ட்லைனை இந்த அமைப்போடு இணைக்கும் கருவி) கேளுங்கள். கிளையின் லேண்ட்லைன் அதில் இணைந்திருக்க வேண்டும். மண்ணடியுடன் தொடர்பு அறுந்தால் அழைப்புகளை அதுவே ஏற்று நடத்த வேண்டும். இந்த வசதி எல்லா கேட்வேயிலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். இப்போது லேண்ட்லைனும் பெரும்பாலும் ஃபைபரில்தான் வருகிறது. எனவே லேண்ட்லைன் ஒரு நிறுவனத்திலும் இணையம் வேறொன்றிலும் இருக்கட்டும். கேட்வே, ரவுட்டர், தொலைபேசிகள் எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும்.

அழைப்பு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பெட்டியில் எழுதிவைக்கும்போது பக்கத்தில் இருங்கள். அம்பத்தூர் எக்ஸ்டென்ஷனுக்கான (உள் எண்ணுக்கான) அழைப்பு இணையத்தில் போகாவிட்டால், தானாகவே அம்பத்தூர் லேண்ட்லைனுக்குத் திரும்ப வேண்டும். 101, 108, 112 ஆகியவை எப்போதும் அந்தந்தக் கிளையின் இணைப்பிலேயே வெளியே போகட்டும். மண்ணடி இணைப்பில் போனால் பதிவில் உள்ள முகவரி மண்ணடியாகத்தான் இருக்கும். தீ விபத்தின்போது அந்தக் குழப்பம் உயிரோடு விளையாடுவது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். அதைப் பெட்டியே சேர்த்துக்கொள்ளும்படி செய்யலாம்.

வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கிளை ஊழியரின் கைப்பேசிக்குத் திருப்பினால், வந்ததற்கு ஒன்று, போவதற்கு ஒன்று என இரண்டு சேனல்கள் (ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு போகும் வழிகள்) பிடிக்கும். சேனல் கணக்குப் போடும்போது இதை மறக்காதீர்கள். இணைய வேகத்தைக் காட்டி விலையுயர்ந்த திட்டம் விற்றால் வாங்காதீர்கள். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 100 கிலோபிட் வேகம் போதும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறார்களா என்பதே முக்கியம்.

எண்கள் கட்டாயம் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். கைப்பேசி எண்ணைப்போல லேண்ட்லைன் எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் இல்லை. விற்பனையாளர் பெயரில் எண் இருந்தால், அவரை விட்டு விலகும் நாளில் பில்லிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்த எண் போய்விடும். அட்மின் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு கிளைகள் நடத்தும் உங்களுக்கு அது பொருந்துவது கடினம். நுகர்வோர் ஆணையத்தை நம்பி இறங்காதீர்கள். கொட்டேஷனிலும் ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குவதே உங்களுக்குக் காப்பு.

மீதிப் பணம் கொடுக்கும் முன், ஒரு கிளையில் இணைய வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் வெளியிலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து ஒரு கைப்பேசிக்கு, மண்ணடியிலிருந்து கிளைக்கு என்று மூன்று அழைப்புகளும் போக வேண்டும். இந்தச் சோதனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, ஒரு சிறு தொகையை டிசம்பர் மழை முடியும்வரை நிறுத்திவைக்கச் சம்மதமா என்றும் கேட்டுப் பாருங்கள்.