பழைய ஐபாடும் அடுத்த மாடலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2010ஆம் ஆண்டு வாங்கிய 160 ஜிபி ஐபாட் கிளாசிக்கை இன்றும் பயன்படுத்துகிறேன். அப்பா கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்த நாகஸ்வரக் கச்சேரிகள் எல்லாம் இப்போது அதில் மட்டுமே இருக்கின்றன. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துவிட்டன, அவற்றை ஏற்றிய கணினியும் பழுதாகிவிட்டது. சார்ஜ் இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. புதிய பிளேயரை இப்போதே வாங்கலாமா, அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வியைவிட, கச்சேரிகளுக்கு வேறு பிரதி இல்லை என்ற வரிதான் என்னைப் பதறவைத்தது. ஐபாட் கிளாசிக்கின் உள்ளே இருப்பது தட்டு சுழலும் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். இத்தனை ஆண்டுகள் சட்டைப்பையில் குலுங்கிய பிறகு அது எந்த நாளும் நின்றுபோகலாம். ஆகவே முதல் வேலையாக, ஐடியூன்ஸ் (ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருள்) இல்லாத ஒரு கணினியில் அதை இணையுங்கள். ஐடியூன்ஸ் இருந்து, ஐபாடில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரி என்று அழுத்தினால், அந்த ஓர் அழுத்தலில் எல்லாம் போய்விடும். மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி கணினியை அமைத்தால், எஃப்00, எஃப்01 என்று வரிசையாகச் சில ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் உள்ள கோப்புகளுக்குப் பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களே இருக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். எம்பி3 அல்லது ஏஏசி கோப்புகளாக இருந்தால், நீங்கள் பதிந்த ராகமும் கலைஞர் பெயரும் கோப்பின் உள்ளேயே இருக்கும். அனைத்தையும் அப்படியே எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். அடுத்த மாடலுக்காகப் பொறுப்பதில் ஒரு காலத்தில் பொருள் இருந்தது. 2001 அக்டோபரில் 5 ஜிபியோடு வந்த ஐபாட், 2007இல் 160 ஜிபியைத் தொட்டது. ஓராண்டு பொறுத்தவருக்குக் கண்ணுக்குத் தெரிந்த பலன் கிடைத்தது. 2014இல் கிளாசிக்கும், ஐபாட் வரிசையில் கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச் 2022 மே மாதமும் நிறுத்தப்பட்டன. இப்போது சோனி, ஃபியோ போன்ற நிறுவனங்களின் பிளேயர்கள் பலவற்றில் மெமரி கார்டைச் செருகிக்கொள்ளலாம் என்பதால், இடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒலித்தரத்துக்காகவும் வேண்டியதில்லை. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்பதைக் காட்டும் எண்ணை 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, கேசட் பிடித்துவைக்காத நாதத்தைப் புதிதாகக் கொண்டுவந்துவிடாது, சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே உங்கள் கச்சேரிகளுக்குத் தாராளம்.

பிரதி எடுத்த பிறகு, பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. புதிதாக இருந்தபோது ஒரு சார்ஜில் 36 மணி நேரம் வரை பாடும் என்று சொல்லி விற்கப்பட்ட கருவி அது. திறந்ததோடு திறந்ததாக, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மெமரி கார்டு பொருத்தும் அடாப்டரையும் போட்டுவிடலாம். ஆனால் இதை முன்பே செய்து பழகிய கைகளிடம் மட்டும் கொடுங்கள். கிளாசிக்கின் பின்மூடி விளிம்பு முழுவதும் உலோகக் கொக்கிகளால் இறுகியிருக்கும். மூடிக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே மெல்லிய பட்டைக் கம்பிகள் ஓடும். என்னுடையதை நானே திறந்தபோது மூடி சட்டென்று விடுபட்டு, ஹெட்ஃபோன் துளைக்குப் போகும் கம்பி கிழிந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், பொறுக்காமல் இப்போதே புதியதை வாங்குங்கள். அதிலும் ஆண்ட்ராய்டு இல்லாத, கோப்புகளை மட்டும் வாசிக்கும் எளிய பிளேயரே உங்களுக்குப் போதும். ஆண்ட்ராய்டு பிளேயரில் வன்பொருள் நன்றாக இருக்கும்போதே, அதன் பதிப்பு பழையதாகிச் செயலிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும். கார்டிலிருந்து பாடுவதற்கு அந்தக் கவலை இல்லை. கடைக்குப் போகும்போது ஒரு கச்சேரியைக் கார்டில் எடுத்துச் செல்லுங்கள். தோடி ஆலாபனையின் நடுவே நிறுத்தி, கருவியை அணைத்து, மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரக் கோப்புகளைக் கேட்பவருக்கு வேறெந்த வசதியையும்விட அதுதான் தினமும் தேவைப்படும்.