மானியமும் நாள்கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலையை விட்டுவிட்டுக் காகிதப்பை தயாரிக்கும் சிறுதொழில் தொடங்கப் போகிறேன். இயந்திர விலையில் 25 சதவீதம் அரசு மானியம் கிடைக்கும். மானியத்தை நம்பி இறங்குபவனைத் துணிச்சல்காரன் என்று சொல்ல முடியுமா? சூழலைக் கெடுக்காத தொழில் நீடித்து நிற்கும்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாதச் சம்பளத்தை விடுவது எளிதல்ல. உங்கள் தயக்கம் புரிகிறது. மானியம் வாங்குவதில் கூச்சம் வேண்டாம். தகுதி இருந்தால் வாங்குங்கள். துணிச்சல்காரன் பட்டத்தை அதோடு விட்டுவிடலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். இயந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டக் கையில் வேண்டிய பணம், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-லேயே அளக்கக்கூடிய இடரையும் அளக்க முடியாத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். சந்தை உங்கள் பையை ஏற்குமா என்பது இரண்டாவது வகை. துணிச்சல் அதற்குத் தேவை. பணம் எத்தனை நாள் முடங்கும் என்பது வெறும் கூட்டல் கழித்தல். அதைப் போடாமல் இறங்குவது அசட்டுத்தனம்.

போட்டுப் பாருங்கள். காகிதம் கிடங்கில் 20 நாள், உற்பத்தி 5, தயாரான பை 20, வாங்குபவர் கேட்கும் கடன் 60. மொத்தம் 105 நாள். காகிதம் தருபவர் 30 நாள் தவணை கொடுத்தாலும் 75 நாள் செலவு உங்கள் கையில் இருந்தாக வேண்டும். கூலிக்கும் மின்சாரத்துக்கும் அந்த 30 நாளும் கிடையாது. ஆர்டர் இரட்டித்தால் மகிழ்வீர்கள். முடங்கும் பணமும் இரட்டிக்கும், பழைய பாக்கி வருவதற்கு முன்பே. லாபம் காட்டும் தொழில்கூட இப்படித்தான் மூச்சுத் திணறுகிறது.

மானியம் இங்கே கைகொடுக்காது. பல திட்டங்களில் இயந்திரம் நிறுவி, ஆய்வு முடிந்த பிறகே அது வரும். சிலவற்றில் வங்கியிலேயே இருந்து கடனில் கழியும். அதைக் காட்டிக் காகிதம் வாங்க முடியாது. 25 சதவீதம் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கினால், மீதி 75 சதவீதத்துக்கு வட்டி ஓடும், இயந்திரம் பாதி நாள் சும்மா நிற்கும்.

பசுமை என்ற பெயர் மட்டும் தொழிலை நிலைநிறுத்தாது. பையின் விலை 100, அதில் காகிதச் செலவு 60, லாபம் 6 என்று வையுங்கள். வெட்டுக்கழிவு 8 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தால் காகிதச் செலவு 57.5 ஆகும், லாபம் 8.5. சூழலுக்கும் உங்களுக்கும் நல்லது இதுதான்.

வேலையை இப்போது விடாதீர்கள். முதலில் வேறொருவரிடம் கூலிக்குப் பை செய்து வாங்கி, மூன்று பேருக்குக் கடனில் விற்றுப் பாருங்கள். பணம் உண்மையில் எத்தனையாவது நாள் வந்தது என்று குறித்து, நான் போட்ட 60-க்குப் பதில் அந்த எண்ணை வையுங்கள். இயந்திரத்தின் அளவை அதன் பிறகு பேசலாம்.