ஆண்டின் நிறம் மாறிவிட்டது, என் டிசைன்களையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: துணி அச்சுக்கு டிசைன் வரைந்து விற்கிறேன். 2025-ன் நிறமாக அறிவித்த ‘மோக்கா மூஸ்’ பழுப்பை மையமாக வைத்து 12 பூ டிசைன்கள் கொண்ட ஒரு தொகுப்பு செய்தேன். அது விற்பதற்குள் 2026-ன் நிறம் வெள்ளை என்று அறிவித்துவிட்டார்கள். “பழுப்பும் போச்சு, பூவும் போச்சு” என்கிறார் ஒரு ஏஜென்ட். அவரிடம் டிரெண்ட் ரிப்போர்ட் வாங்கி, எல்லாவற்றையும் வெள்ளைக்கு மாற்றி, லேயர் (அடுக்கு) கலைக்காத கோப்புகளாக அனுப்பினால் விற்றுத் தருவாராம். நான் அச்சடித்துப் பார்த்த ஒரு சாம்பிளும் திரையில் இருந்ததைவிட மந்தமாக வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மாற்றாதீர்கள். கோப்புகளை அனுப்பாதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்தால் இன்று ராத்திரியே உட்கார்ந்து 12 டிசைனையும் மாற்றிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

ஆண்டின் நிறத்தை அறிவிக்கும் பான்டோன், நிற அட்டைகளை விற்கும் நிறுவனம். 2000-ம் ஆண்டுக்கு ‘செருலியன்’ என்ற வான்நீலத்தில் தொடங்கி, ஆண்டுக்கொரு நிறத்தை அறிவித்து வருகிறார்கள். அறிவிப்பு வருவது டிசம்பரில். டிசம்பரில் துணித் தொழில் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த கோடைக்கான துணியில் பெரும்பகுதிக்கு நிறம் எப்போதோ முடிவாகி, சாயமும் ஏறியிருக்கும். இன்று உங்கள் டிசைனை வாங்கும் ஒரு துணி நிறுவனம் அதைக் கடையில் தொங்கவிட ஓராண்டுக்கு மேல் ஆகலாம். ஆக, இந்த ஆண்டின் நிறத்துக்கு இப்போது ஓடுகிறவர் போன பேருந்தைத் துரத்துகிறார்.

இதையும் பாருங்கள். டபிள்யூஜிஎஸ்என் என்ற இன்னொரு முன்கணிப்பு நிறுவனம், கலரோ என்ற நிறக் குறியீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, அதே 2026-க்கு ‘டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் டீல்’ என்ற நீலப்பச்சையைச் சொன்னது. பான்டோன் சொன்னது ‘கிளவுட் டான்சர்’ என்ற வெள்ளை. ஒரே ஆண்டு, இரண்டு நிறங்கள். இரண்டில் எது பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அந்த நிறுவனங்களுக்கு நஷ்டமில்லை. வீட்டில் உட்கார்ந்து கண் எரிய வரைகிறவர்தான் தொகுப்பைக் கலைத்துப் போட்டு மறுபடி தொடங்குகிறார். இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு டிசம்பரிலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் பழுப்புக்கு வருவோம். பெயரை மறந்துவிட்டு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும். பான்டோன் அட்டையில் மோக்கா மூஸின் எண் 17-1230. முதல் இரண்டு இலக்கம் வெளிச்சத்தைச் சொல்கிறது: 11 என்றால் வெளிறியது, 19 என்றால் இருண்டது. நடுவில் உள்ள 12, நிறச் சக்கரத்தில் அது எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். கடைசி 30, நிறம் எவ்வளவு செறிவு என்பது. இப்போது 2024-ன் நிறமான ‘பீச் ஃபஸ்’ஸைப் பாருங்கள்: 13-1023. நடு எண் 10. இரண்டும் சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. வெளிச்சத்தை ஏற்றினால் பீச், இறக்கினால் மோக்கா. ஓராண்டில் ஒரு குடும்பமே செத்துப்போய்விடவில்லை, அதே குடும்பத்தில் வேறொருவர் வாசலுக்கு வந்து நின்றார், அவ்வளவுதான். பழுப்பு போய்விட்டது என்று உங்களைப் பயமுறுத்தியவர் இந்த எண்களைப் பார்த்திருக்க மாட்டார்.

சாம்பிள் மந்தமாக வந்ததற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. பழுப்பு என்பது இருட்டடித்த ஆரஞ்சு. சுற்றிலும் அதைவிட வெளிச்சமான ஒன்று இருந்தால்தான் கண் அதைச் செழிப்பான பழுப்பாகப் பார்க்கும். திரை தானே ஒளி விடுகிறது, உங்கள் டிசைனைச் சுற்றி வெள்ளைச் சட்டமும் பளிச்சென்று நிற்கிறது. பருத்தித் துணிக்குச் சொந்த ஒளி கிடையாது. அப்புறம், பருத்தி இழையோடு பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயமென்றால், ஆவியில் வைத்துக் கழுவிய பிறகு எடுத்த சாம்பிளா என்று அச்சகத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் எல்லா நிறமும் சோர்ந்துதான் தெரியும். கழுவிய பிறகும் மந்தம் என்றால் பழுப்பின் செறிவை ஏற்றாதீர்கள், அது செங்கல் நிறத்துக்குத் தாவிவிடும். பக்கத்தில் ஒரு வெளிறிய நிறமும் ஒரு குளிர்ந்த நீலமோ பச்சையோ வையுங்கள். பழுப்பு தானாக எழுந்து நிற்கும்.

நிறத்தை ஒப்பிடும்போது சாயமேற்றிய பருத்தித் துணி ஒட்டிய நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். காகித அட்டையும் திரையும் துணிக்குச் சாட்சி சொல்லாது. ஜன்னலோரம் ஒரு தடவை, குழல்விளக்கின் கீழ் ஒரு தடவை பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்து நிற்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது.

இப்போது வெள்ளை. எல்லாவற்றையும் வெள்ளைக்கு மாற்றச் சொல்கிறவருக்கு அச்சு தெரியாது என்று தயங்காமல் சொல்வேன். வெள்ளைத் துணியில் வெள்ளையைப் பொதுவாக அச்சடிப்பதில்லை. மை விழாத இடம்தான் வெள்ளை. எனவே உங்கள் கோப்பில் என்ன வெள்ளை வைத்தாலும், வாங்குபவரின் துணி என்ன வெள்ளையோ அதுதான் கிடைக்கும். வெளுத்து, வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் ஒளிர்ப்பான் ஏற்றிய துணி வெயிலில் நீலம் பாய்ந்து மினுக்கும். வெளுக்காத துணி பழுப்பேறிய பால் மாதிரி இருக்கும். அதற்காக ‘கிளவுட் டான்சர்’ சாயலை மெல்லிய நிறமாகக் கோப்பில் நிரப்பினீர்களானால், டிஜிட்டல் அச்சில் மை அங்கங்கே சொட்டாக விழுந்து, வெள்ளை நிலம் (பின்னணி) முழுக்கப் பொடி தூவியதுபோலத் தெரியலாம். இருண்ட துணியில் வெள்ளை வேண்டுமென்றால், அடிச்சாயத்தை அந்த இடத்தில் நீக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளை நிறமியை மேலே அப்ப வேண்டும். அப்பிய இடம் விரலுக்கு விறைப்பாகத் தட்டும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பயன்படும். உங்கள் 12 பூக்களில் வெளிக்கோடு தெளிவாக இருக்கும் இரண்டு மூன்றை எடுங்கள். பூவுக்கு நிறம் கொடுக்காமல் வெறும் துணியாக விட்டுவிடுங்கள், நிலத்துக்கு உங்கள் பழுப்பைக் கொடுங்கள். பூவுக்குள் மகரந்தத்துக்கு நாலைந்து புள்ளி, இதழ் மடிப்புக்கு ஒரு மெல்லிய கோடு, அதோடு நிறுத்துங்கள். இதழுக்குள் நிழல் தீட்டும் ஆசையை அடக்க வேண்டும், ஒரு நிழல் போட்டாலும் வெள்ளை அழுக்காகிவிடும். இப்படிச் செய்தால் வெள்ளை அந்த டிசைனின் உயிராகிவிடுகிறது. வாங்குபவரின் துணி நீலவெள்ளையோ பால்வெள்ளையோ, எதுவானாலும் பொருந்தும். மோக்காவும் வீணாகவில்லை. இரண்டு மூன்று டிசைனுக்கு மட்டும் இது, பன்னிரண்டுக்கும் இல்லை.

ஏஜென்ட் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். இப்படிக் கைமாறும் டிரெண்ட் ரிப்போர்ட்டுகளில் பல, சந்தா கட்டிப் படிக்கும் தளங்களிலிருந்து எடுத்த பக்கங்களும் இணையத்தில் பொறுக்கிய படங்களும்தான். பணம் கொடுத்து அதை வாங்காதீர்கள். நல்ல ஏஜென்ட் விற்ற பிறகு தன் பங்கை எடுத்துக்கொள்வார், விற்பதற்கு முன் உங்களிடம் எதையும் விற்கமாட்டார். நிறம் மாற்றுவதும் பெரும்பாலும் வாங்குபவரின் வேலை. அவர்களிடம் அவர்களுடைய நிறப் பட்டியல் இருக்கும், டிசைன் பிடித்தால் அதற்கு மாற்றிக்கொள்வார்கள். அப்படியிருக்க லேயர் கலைக்காத கோப்பு இவருக்கு எதற்கு? அதில் ஒவ்வொரு பூவும் இலையும் தனித்தனியாகக் கழன்று வரும். பூவை எடுத்து வேறு நிலத்தில் போட்டு, வேறு பெயரில் விற்க ஒரு மத்தியானம் போதும்.

தொடக்க காலத்தில், “பார்வைக்கு மட்டும்” என்று கேட்ட ஒருவருக்கு நானும் 8 கோப்புகளை இப்படிக் கொடுத்தேன். பதிலே வரவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு கண்காட்சியில் திரைச்சீலை ஒன்றில் என் இலையைப் பார்த்தேன். நடுநரம்பு நுனிவரை போகாமல் பாதியில் நின்றுவிடும், அது அவசரத்தில் நான் செய்த பிழை. அந்தப் பிழையோடு அப்படியே அச்சாகியிருந்தது. என்னிடம் ஒரு கடிதம்கூட ஆதாரமில்லை. நீங்கள் சிறிய அளவில், குறைந்த தெளிவில், குறுக்கே பெயர் போட்ட படம் மட்டும் அனுப்புங்கள். விலையும் உரிமையும் எழுத்தில் வந்து, பணம் கைக்கு வந்தபிறகு கோப்பைக் கொடுங்கள்.

பூ போய்விட்டதா என்றால், இல்லை. 2024-ல் சிறுத்தைத் தோல் வந்தது, 2025-ல் பெரும்புள்ளியும் வெண்ணெய் மஞ்சளும் வந்தன, பூ இவை எல்லாவற்றுக்கும் நடுவே இருந்துகொண்டேதான் இருந்தது. மாறுவது பூவின் அளவும், இடையே விடும் வெற்றிடமும், கோட்டின் தன்மையும்தான். கணினி தானாக உருவாக்கிய வழவழப்பான பூக்கள் குவிந்துகிடக்கும் இந்த நேரத்தில், தூரிகை இழுத்த தடமும் ஒழுங்கற்ற விளிம்பும் தனியாகத் தெரிகின்றன. உங்களுடையது கையால் வரைந்தது என்றால் அந்தத் தடத்தைத் துடைத்து அழகாக்காதீர்கள்.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள். 12 டிசைனையும் கறுப்பு வெள்ளையாக்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். சாம்பலில் பார்த்தாலும் பூ எது, நிலம் எது என்று புரிகிறவற்றைத் தனியே எடுங்கள். அவற்றில் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறச்சேர்க்கை செய்யுங்கள்: ஒன்று இப்போதுள்ள பழுப்பு, ஒன்று நீலப்பச்சை, ஒன்று நான் சொன்ன வெறும் துணிப் பூ. வெளிச்ச அளவுகளை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் வேலை பாதியாகும். பூவும் நிலமும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுகிற டிசைன்களுக்கு எந்த ஆண்டின் நிறத்தைக் கொடுத்தாலும் பயனில்லை, அவற்றை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.