குடுவைச் செடித் தொட்டியும் ஒரு சல்லடையும்

கேள்வி: ஐயா, மூன்று மாதங்களுக்கு முன், இலை நுனிக் குடுவையில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள் (நெபந்தஸ்) இரண்டு வாங்கினேன். ஒன்று வென்ட்ரேட்டா. இன்னொன்றுக்குப் பெயர் சொல்லவில்லை. 'அரிய வகை' என்று மட்டும் சொன்னார்கள். செடி விற்றவரே 'மாமிசத் தாவரக் கலவை' என்று ஒரு பையும் கொடுத்தார். அதில்தான் மாற்றி நட்டேன். இருந்த குடுவைகள் எல்லாம் காய்ந்துவிட்டன. புதிய இலைகள் வருகின்றன. நுனி கருகிவிடுகிறது, குடுவை கட்டுவதில்லை. கலவையின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கிளறினால் உள்ளே மஞ்சள் நிறத்தில் சிறு மணிகள். வேர் முழுக்கக் கறுத்திருக்கிறது, வெட்டிவிடலாமா? தனி ஸ்பாக்னம் பாசி என்கிறார் ஒருவர். பாசியும் பெர்லைட்டும் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல் மணிகள்) சரிபாதி என்கிறார் இன்னொருவர். மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு, கரி என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எது சிறந்தது? பூச்சி பிடித்துப் போட வேண்டுமா? (தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீர்தான், தினமும் ஊற்றுகிறேன்.)

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். குடுவைச் செடியின் நல்ல வேரே கறுப்புதான். தலைமுடி போல மெலிந்து, தொட்டால் ஒடிந்துவிடுவதுபோல் இருக்கும். வளரும் நுனி மட்டும் வெளுத்திருக்கும். செத்த வேர் வேறு மாதிரி. விரலிடையில் நசுங்கும். லேசாக இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கும். நான் வளர்த்த முதல் செடியில், அழுகல் என்று நினைத்து, நன்றாக இருந்த வேரில் முக்கால் பங்கை வெட்டி எறிந்தேன். அந்தச் செடி செத்ததற்கு என்னைத் தவிர வேறு யாரும் காரணமில்லை.

எந்தக் கலவை சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீர் என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். நானாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெளியே எடுத்து, மீதிக் கடிதத்தை உள்ளே போட்டிருப்பேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி உங்கள் கிணற்று நீரில் வையுங்கள். 500 பிபிஎம் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது அரை கிராம் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று அதற்குப் பொருள். தண்ணீர் போகும், உப்பு போகாது. நீங்கள் பார்த்த வெள்ளைப் படிவு அதுதான். ரோஜாவும் செம்பருத்தியும் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சத்தே இல்லாத இடத்தில் வளர்ந்து, வேண்டியதைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பழகிய செடி பொறுத்துக்கொள்ளாது. 50 பிபிஎம்முக்குக் கீழே இருக்கும் நீர் நல்லது. 100 வரை சமாளிக்கலாம், அவ்வப்போது அடி வழியாக நிறைய வழிய விட்டுக் கழுவினால். மழைநீர், ஆர்.ஓ. நீர், குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர் என எதுவானாலும் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினால் உப்பு போய்விடும் என்று நம்புபவர்கள் உண்டு, பெரும்பகுதி போகாது. கடின நீரை மென்நீராக்கும் கருவியின் நீர் இன்னும் மோசம், ஏனென்றால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது.

இந்த நீரோடு நீங்கள் சொன்ன மூன்று கலவைகளில் எதைப் போட்டாலும் சில மாதங்களில் இதே கடிதத்தைத் திரும்ப எழுதுவீர்கள்.

அந்த மஞ்சள் மணிகள் மெதுவாகக் கரையும் உரம். 'மாமிசத் தாவரக் கலவை' என்று பையில் அச்சடித்துவிட்டு, உள்ளே சாதாரணப் பூந்தொட்டிக் கலவையை, அதுவும் உரமணிகளோடு அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். என்னென்ன பொருள் இருக்கிறது என்று பையின் மேல் எழுதாத எவரிடமும் கலவை வாங்காதீர்கள். 'எங்கள் ரகசியக் கலவை' என்று சொல்பவரிடம் செடியும் வாங்காதீர்கள். குடுவைச் செடிக் கலவையில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதைக் கடையில் விற்க முடியாது, கையால் செய்ய வேண்டும். சலிப்பது.

சல்லடைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாளி நிறைய மட்டைத் துண்டு, இன்னொரு வாளி நிறைய மட்டைத் தூள். இரண்டையும் கொட்டிக் கலந்து திரும்ப அளந்தால் இரண்டு வாளி வராது, கணிசமாகக் குறையும். குறைந்தது எங்கே போயிற்று? துண்டுகளுக்கு இடையில் இருந்த சந்துகளில் தூள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சந்துகளில்தான் வேர் மூச்சுவிட வேண்டும். ஆக, 'காற்றோட்டத்துக்காகத் துண்டு சேர்த்திருக்கிறேன்' என்று நிம்மதியாக இருக்கும்போதே ஒரு பங்கு தூள் அந்தக் காற்றைத் தின்றுவிடுகிறது. பாசி, பட்டை, கரி, நுரைக்கல், எரிமலைக்கல் என்று பொருளின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் துண்டின் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. 3 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் தங்குவதை வைத்துக்கொள்ளுங்கள், கீழே விழுவதை ரோஜாவுக்குப் போடுங்கள். என்னிடம் இருபது வகைக் கலவைப் பொருள் கிடையாது. சல்லடை மூன்று இருக்கிறது.

மரக்கரியையும் சலிக்க வேண்டும். அதில் தூள் அதிகம். அடுப்புக்கென்று அச்சில் வார்த்த கரிக்கட்டிகள் ஆகாது, அவற்றில் பிணைப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். பெர்லைட்டை உலர்ந்தபடி சலிக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. பையிலேயே தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத் திறங்கள், பிறகு சல்லடையில் கொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். வெள்ளைக் குழம்பாக ஓடுவதைப் பார்த்தால், இத்தனை நாள் இதையா தொட்டியில் போட்டோம் என்று தோன்றும். வெர்மிகுலைட் (பொரித்த அபிரகம் போன்ற கனிமம்) வேண்டவே வேண்டாம். அது கொஞ்ச நாளில் நசுங்கிச் சேறாகும். மண்புழு உரம், தோட்ட மண், ஆற்று மணல் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

மட்டைத் துண்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். 'கழுவியது' என்று பையில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். ஒரு நாள் ஊற வைத்து, ஊறிய நீரை மீட்டரில் பாருங்கள். கொட்டிவிட்டு மறுபடி ஊற வையுங்கள். வெறும் நீரில் போவது ஒட்டியிருக்கும் உப்பு மட்டும்தான். நாருக்குள் பிடித்துவைத்திருக்கும் சோடியத்தை வெளியே தள்ளக் கால்சியம் வேண்டும். அதற்காகத்தான் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் போட்டு எடுக்கிறோம். அதன்பின் நல்ல நீரில் பல முறை அலசி, வடியும் நீரின் எண் ஊற்றிய நீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை விடக்கூடாது. இவ்வளவு பாடு முடியாது என்றால் மட்டையை விட்டுவிட்டுப் பைன் பட்டைக்குப் போய்விடுங்கள். கழுவாத மட்டையைவிட மட்டையே இல்லாத கலவை மேல்.

இனி உங்கள் மூன்று கலவைகள். காட்டில் எது இருக்கிறதோ அதுதான் சரி என்று ஒரு வாதம் வரும். இதற்குக் காட்டிடம் பதில் இல்லை. போர்னியோவின் மக்கிய தாவரம் படிந்த சதுப்புக் காடுகளில் ஆம்புல்லேரியா என்ற குடுவைச் செடி இனம் வளர்கிறது. அதே தீவின் சுண்ணாம்புக் குன்றுகளில் நார்த்தியானா இனம் தொங்குகிறது. கினபாலு மலையின் ராஜா இனமோ நிக்கலும் மக்னீசியமும் மிகுந்த பாறை மண்ணில் நிற்கிறது. மரக்கிளைப் பாசியில் தொற்றி வாழும் இனங்களும் உண்டு. இத்தனை இடங்களில் எதைப் பார்த்துக் காப்பியடிப்பது?

ஆகவே செடியை விட்டுவிட்டு உங்கள் கையைப் பாருங்கள். தினமும் ஊற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். செடியைப் பார்த்தாலே தண்ணீர் ஊற்றத் தோன்றுகிற கை உங்களுடையது. அந்தக் கைக்குத் தனிப் பாசி ஆபத்து. நீளிழை ஸ்பாக்னம் தன் உலர்ந்த எடையைப்போல் 15, 20 மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும்; அழுத்தி நட்டால் அடியில் காற்றே இராது. ஊற்ற மறந்துபோகிறவர்களுக்கும், மிகவும் வறண்ட வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கும் அது பொருந்தும். உங்களுக்கு நான் சொல்வது பட்டை இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, நீளிழைப் பாசி ஒரு பங்கு. கரி இருந்தால் ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பாசியும் பெர்லைட்டும் சரிபாதி என்பதும் தவறில்லை, பலர் அதில் நன்றாக வளர்க்கிறார்கள். ஆனால் பாசி ஓரிரு ஆண்டில் மக்கும், கடின நீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம். அமுங்கிக் கறுத்துச் சேறாகிவிட்ட பாசியை மாற்றச் சோம்பல்பட்டால், தொடக்கத்தில் எவ்வளவு சரியாகக் கலந்திருந்தாலும் பயனில்லை.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போடும் பழக்கம் உங்களுக்கும் இருக்கலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கலவையிலும் அடிப்பகுதியில் கொஞ்ச உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு; கூழாங்கல் போட்டால் அது குறையாது, கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். கல்லை எடுத்துவிட்டுச் சற்று உயரமான பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். தட்டில் நீர் தேக்கி அதில் தொட்டியை வைப்பது சாரசீனியா, வீனஸ் பூச்சிப்பிடிப்பான் போன்ற சதுப்புநிலப் பூச்சியுண்ணிச் செடிகளுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

பெயரில்லாத இரண்டாவது செடிதான் எனக்குக் கவலை தருகிறது. தாழ்நில இனம் என்றால் இரவிலும் வெப்பம் வேண்டும். மலைமேல் இனம் என்றால் இரவு 15 டிகிரி அளவுக்காவது குளிர வேண்டும். வெப்பமான இரவுகளில் வைத்த மலை இனம் உலகின் மிகச் சிறந்த கலவையிலும் மெல்ல மெல்லச் செத்துப்போகும். ஆனால் பழி கலவை மேல் விழும். பெயர் சொல்லாமல் 'அரிய வகை' என்று விற்பது, என்ன நோய்க்கு என்று சொல்லாமல் மாத்திரை விற்பதற்குச் சமம். விற்றவரிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால், எந்த இடத்திலிருந்து வந்த செடி என்றாவது கேளுங்கள். வென்ட்ரேட்டா வென்ட்ரிகோசாவும் அலாட்டாவும் கலந்த கலப்பினம், முரட்டுச் செடி, அது பிழைத்துக்கொள்ளும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. ஒரு வாளியில் உப்பு குறைந்த நீரை எடுத்து, தொட்டியிலிருந்து செடியை வேர்க்கட்டியோடு கவிழ்த்து அதில் மூழ்க வையுங்கள். பழைய கலவை தானாக உதிரட்டும். உரமணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். வேரோடு பின்னிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். நசுங்கும் வேரை மட்டும் அகற்றுங்கள், கறுத்த வேரை அல்ல. நட்ட பிறகு கலவையை விரலால் அழுத்தக் கூடாது. தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், செடி சாய்ந்தால் குச்சி ஊன்றுங்கள். மூன்று வாரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, ஓட்டை போட்ட, ஒளி புகும் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். காய்ந்த குடுவைகள் திரும்பப் பச்சையாகா. அவற்றைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், புதிய இலையின் நுனியை மட்டும் கவனியுங்கள். நுனி கருகாமல் நீண்டு, சிறிதாக உப்பத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது. இலை வந்தும் குடுவை வராததற்குக் காற்றில் ஈரம் குறைவதும் வெளிச்சம் போதாததும் காரணமாகலாம். ஆனால் இப்போதைக்கு வேரைப் பாருங்கள்.

பூச்சி பற்றிக் கேட்டீர்கள். போட வாயே இல்லாத செடிக்கு எதைப் போடுவது? குடுவை வரட்டும். வெளியில் வைத்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் என்றால் எப்போதாவது ஓர் எறும்போ ஈயோ போதும், இறைச்சித் துண்டு வேண்டாம், அழுகிக் குடுவையையும் கெடுக்கும்.

மறுமுறை எழுதும்போது இரண்டு எண்களை எழுதுங்கள்: உங்கள் கிணற்று நீரின் பிபிஎம், தொட்டியின் அடியில் வடியும் நீரின் பிபிஎம். எந்தக் கலவை போட்டீர்கள் என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும்.